ஏலத்துக்கு வந்த பணியார வண்டி

8 ஜூலை 2025, செவ்வாய்

அரைத்த மாவு அப்படியே இருக்கிறது. நேற்று சாயங்காலம் ஊற்ற வேண்டிய மாவு. புளித்துப் பொங்கித் தூக்குச்சட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது.

நேற்று என் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் ஸ்டாண்டு முக்கில் ஆக்கிரமிப்பு எடுக்கிறோம் என்று நகராட்சி லாரி வந்தது. நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதே நாலு பேர் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். பணியாரக் கல் இரண்டும் வண்டியோடு போய்விட்டன. தணல் மட்டும் ரோட்டில் கொட்டியது. அதையும் நான்தான் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். தினமும் என்னிடம் பணியாரம் வாங்கித் தின்கிற வாத்தியார் ஒருவர், என்னைத் தெரியாதவர் மாதிரி பஸ்ஸில் ஏறிப் போனார்.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. எனக்கு அடுத்து வடை வண்டி போடுகிற பால்பாண்டி அண்ணாச்சி நேற்று வரவில்லை. அடைமழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு வடை சுடுகிற மனுஷன். நேற்று மட்டும் எப்படி வராமல் போனார்? அவருக்கு யார் சொன்னது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மில்லில் ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டு வந்து படுத்திருந்தவர், "ஒனக்குத் தூங்குறவனப் பாத்தாலும் சந்தேகம், முழிச்சிருக்கவனப் பாத்தாலும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல துணை எனக்கு.

10 ஜூலை, வியாழன்

நகராட்சி ஆபீசுக்குப் போனேன். அபராதம் கட்டி, ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் வண்டியை எடுத்துக்கொள்ளலாமாம். அபராதம் சரி, கட்டித் தொலைக்கலாம். அந்த உறுதிமொழியை வாங்கி நின்றவாக்கில் படித்தேன். சாலையை ஆக்கிரமித்தது என் தவறு, இனி அந்த இடத்தில் கடை வைக்கமாட்டேன் என்று போட்டிருக்கிறது.

அப்படியென்றால் என் இடம் என்ன ஆகும் என்று சீட்டில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். வெள்ளைக் கோடு போடப் போகிறோம், கோட்டுக்கு உள்ளே நின்றுகொள்ளலாம் என்றது. அதை எழுதித் தருவீர்களா என்றேன். சிரித்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள், நீங்களும் போடுங்கக்கா என்றது. நல்ல பிள்ளைதான், பேச்சில் குறை சொல்ல முடியாது. ஆனால் நல்லபடியாகப் பேசித்தானே கையெழுத்து வாங்குவார்கள்?

எல்லாரும் ஏமாந்தால் நானும் ஏமாற வேண்டுமா? போடவில்லை. ஒரு மாதத்துக்குள் எடுக்காத சாமான் எல்லாம் ஏலத்துக்குப் போய்விடும் என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னது. போகட்டும், பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

14 ஜூலை, திங்கள்

பால்பாண்டி அண்ணாச்சி வண்டி இன்று வந்துவிட்டது. அச்சு முறிந்து வெல்டிங் பட்டறையில் கிடந்ததாம். சரியாக அன்றைக்குப் பார்த்து அச்சு முறியுமோ?

19 ஜூலை, சனி

பஸ் ஸ்டாண்டு முக்கில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் கோட்டுக்குள் ஜம்மென்று நிற்கிறார்கள். அது ஒரு பக்கம் கிடக்கட்டும். என் இடத்தில் யார் நிற்கிறது? அந்த ஆள். தன் வண்டியை நகர்த்தி, பாதி தன் இடம், பாதி என் இடம் என்று பரத்திக்கொண்டு நிற்கிறார்.

நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். நாலு பேர் வடை தின்றுகொண்டிருந்தார்கள், இருக்கட்டுமே. இதுக்குத்தான் அன்னைக்கு வரலியா அண்ணாச்சி, லாரி வருதுன்னு ஒங்களுக்கு மட்டும் யாரு சொன்னா என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏட்டி, ஒன் எடத்த வேற எவனும் புடிச்சிரக் கூடாதுன்னு நிக்கேன்" என்றார்.

இதை நான் நம்ப வேண்டுமாம். என்ன மாதிரி பேச்சு பார்! இனி நீங்கள் யாரோ நான் யாரோ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

கிருஷ்ணன்கோவிலில் ஒரு காலேஜ் விடுதிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். விடிவதற்குள் பஸ் ஏற வேண்டும். வெங்காயம் உரிக்கிறேன், அண்டா கழுவுகிறேன். மேஸ்திரி என்று ஒருவன், என் மகன் வயது இருக்கும், "இந்தாம்மா, சீக்கிரம்" என்கிறான். என் அடுப்பு முன்னால் ஆட்கள் காத்து நிற்பார்கள். கல் காய்ந்தால்தான் ஊற்றுவேன், அவசரம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது என்னை ஒருவன் அவசரப்படுத்துகிறான்.

புரட்டாசி வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குச் சனிக்கிழமை தோறும் சனம் மொய்க்கும். வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் மலையடிவாரத்தில் போட்டால், அந்தச் சனிக்கிழமைகள்தான் எனக்கு வருஷத்துக்கே சோறு. அதற்குள் வண்டி கைக்கு வரவில்லை என்றால் அந்த மேஸ்திரி பையனுக்குத்தான் அண்டா கழுவ வேண்டும்.

கையெழுத்துப் போட்டால்தான் என்ன என்று படுக்கும்போது தோன்றுகிறது. காலையில் தோன்றுவதில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கெடு தாண்டிப் போய்விட்டது.

லீவு நாள். சாமான்களை அடைத்து வைத்திருக்கும் நகராட்சிக் கிடங்குப் பக்கம் போனேன். சுற்றுச்சுவர் ஓரிடத்தில் இடிந்திருக்கிறது. கல்லில் ஏறி எட்டிப் பார்த்தேன். சக்கரம் இல்லாத குப்பை லாரி, துருப்பிடித்த விளக்குக் கம்பங்கள், பள்ளிக்கூடத்து உடைந்த பெஞ்சுகள். ஓரத்தில் தள்ளுவண்டிகள். என் வண்டியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஏனென்றால் அதன் மேல் நீலத் தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி மூடியிருந்தது. மற்ற வண்டிகள் எல்லாம் மழையில் நனைந்து கிடக்கின்றன, என்னுடையது மட்டும் மூடியிருக்கிறது.

அந்தத் தார்ப்பாய் எனக்குத் தெரியும். ஒரு மூலையில் எண்ணெய்க் கறையும் ஓட்டையும் இருக்கும். பால்பாண்டியின் வடை வண்டித் தார்ப்பாய்.

இறங்கித் திரும்பினால், கிடங்கு வாசல் பக்கத்து டீக்கடையில் அந்த ஆளே நிற்கிறார். கூட வைகுண்டராஜ். பழைய இரும்புக் கடைக்காரர். ஊரில் எந்த ஏலமானாலும் அவரும் அவர் கூட்டாளிகளும்தான் முன்னால் நிற்பார்கள். பால்பாண்டி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, குனிந்து ஏதோ சொல்கிறார். அவர் தலையை ஆட்டுகிறார்.

இன்னும் என்ன வேண்டும்? லாரி வரும் என்று தெரிந்து ஒதுங்கினான். இடத்தைப் பிடித்தான். இப்போது வண்டிக்கும் அச்சாரம் போடுகிறான். தன் பொருள் ஆகப்போகிறது என்றுதானே மழையில் நனையாமல் மூடி வைத்திருக்கிறான். வயிறு எரியுது. வேற என்னத்தச் சொல்ல.

22 ஆகஸ்ட், வெள்ளி

ஏல அறிவிப்பை ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டார்கள். செப்டம்பர் 4, கிடங்கு வளாகத்தில். முன்பணம் கட்டினால் யாரும் கேட்கலாமாம். யாரும் என்றால் யார்? அவர்கள் பேசி வைத்த ஆள்தான்.

28 ஆகஸ்ட், வியாழன்

ரேஷன் கடை வரிசையில் பால்பாண்டி பெண்டாட்டி வெள்ளத்தாய் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் பேசவில்லை. அவளாகத்தான் வாயைத் திறந்தாள். "அவிய ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாவ. ஏலத்தன்னைக்கு நீ வந்து வண்டியில கையவச்சு நிக்கணுமாம். வேற ஒண்ணும் செய்ய வேண்டாமாம்."

எதுக்கு என்றேன். அதெல்லாம் தனக்குத் தெரியாது, அவிய சொன்னதைச் சொல்லியாச்சு என்றாள்.

சீனியை வாங்கிக்கொண்டு வரும் வழியெல்லாம் யோசித்தேன். நான் ஏன் வந்து கைவைத்து நிற்க வேண்டும்? நின்றால், இந்தா வண்டிக்காரி, ஆக்கிரமிப்பு செய்தவள் இவள்தான் என்று போட்டோ எடுத்து அபராதத்தை என் தலையில் கட்டவா? இல்லை, நான் நின்றால் எப்படியும் விடமாட்டேன் என்று தெரிந்து விலையை ஏற்றிவிடவா? எது என்று தெரியவில்லை. இரண்டில் ஒன்று.

31 ஆகஸ்ட், ஞாயிறு

மம்சாபுரம் போய்வந்தேன், அக்கா வீட்டுக்கு. அக்கா புருஷன் முத்துவீரன் மச்சான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆள் உயரம், மீசையோ காதைத் தொடும். எங்கள் ஊர் ராஜபாளையத்தில் அவரை ஒருவருக்கும் தெரியாது. அதுதான் எனக்கு வேண்டியது.

எனக்குப் பதிலாக நீங்கள் போய் ஏலத்தில் வண்டியைக் கேளுங்கள், என் பெயர் வெளியே வரக்கூடாது என்றேன். நீயே போய் நின்றால் என்ன என்று கேட்டார். வெள்ளத்தாய் சொன்னதையும் தார்ப்பாய் கதையையும் சொன்னேன். மச்சானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, கிடங்குக்கு எத்தனை வாசல், எதிரே எங்கே நிற்கலாம் என்றெல்லாம் விசாரித்தார். எல்லையில் சண்டைக்குப் போவது மாதிரிதான். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இருந்ததையெல்லாம் திரட்டி அவர் கையில் கொடுத்தேன். காதுத் தோட்டையும் அடகு வைத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

3 செப்டம்பர், புதன்

நாளைக்கு. விடுதியில் லீவு சொல்லிவிட்டேன்.

4 செப்டம்பர், வியாழன்

போச்சு.

கிடங்குக்கு எதிரே டீக்கடையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலா அக்கா என்று டீ மாஸ்டர் கேட்டார். மச்சான் உள்ளே போனார். விளக்குக் கம்பம், பெஞ்சு, லாரி என்று ஒவ்வொன்றாகக் கூவும் சத்தம் மட்டும் வெளியே கேட்டது. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் மச்சான் போன் செய்தார்.

வண்டி ஏலத்துக்கு வந்துவிட்டது, நான் விலை கேட்டுவிட்டேன், ஆனால் ஒருவன் அதற்கு மேல் கேட்கிறான் என்றார். மற்றவன் எவனும் வாயைத் திறக்கவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறான்கள் என்றார். ஆள் எப்படி இருக்கிறான் என்றேன். வயசாளி, முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்பு, வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றார்.

அவன்தான். நான் நினைத்ததெல்லாம் சரி. பேசி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் மற்றவன்கள் வாயைத் திறக்கவில்லை.

"விடாதீங்க மச்சான். எவனுக்குப் போனாலும் அவனுக்குப் போகக் கூடாது" என்றேன்.

விடவில்லை. அவனும் விடவில்லை. மச்சான் போனைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டார். அவர் கேட்க, அந்தப் பக்கம் அவன் குரல் கேட்க, இவர் கேட்க... அந்தக் கிழட்டு வண்டிக்கு என்ன விலை அது! புது வண்டியே வாங்கிவிடலாம். கடைசியில் நான் கொடுத்த பணம் தீர்ந்துபோனது.

மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாரிக்கனி, இன்னும் ஒரு தடவ கேக்கட்டா? எங்கையில கொஞ்சம் இருக்கு" என்றார்.

செத்த நேரம் யோசித்தேன். மச்சான் காசு போட்டால் நாளைக்கு வண்டியில் எனக்கும் பங்கு என்பாரோ? அக்கா வாயைத் திறக்காமல் இருப்பாளா? வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றேன்.

உள்ளே மூன்றாம் தரம் சொல்லி முடித்தார்கள். நாசமாகப் போகட்டும். என் கல்லில் வடை சுட்டுத் தின்னட்டும். எனக்கு அழுகை கூட வரவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. மச்சான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

6 செப்டம்பர், சனி

வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால் வண்டி நிற்கிறது. என் வண்டி. கழுவித் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, பணியாரக் கல் இரண்டும் உள்ளே.

பக்கத்தில் பால்பாண்டி அண்ணாச்சி படியில் உட்கார்ந்திருந்தார். நான் வாளியோடு நின்றேன். அவராகத்தான் பேசினார்.

ஏலக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாம். பறிபோன சாமானில் சொந்தக்காரர் கைவைத்து நின்றால் அதை வேறு யாரும் கேட்க மாட்டார்கள். ஆரம்ப விலைக்கே அவருக்கு விட்டுவிடுவார்கள். அதைத்தான் வைகுண்டராஜிடம் முன்கூட்டியே பேசி வைத்தாராம். வெள்ளத்தாயிடம் சொல்லி அனுப்பினதும் அதற்குத்தான். என்னிடம் நேரில் சொல்ல வந்திருப்பாராம், நான்தான் நீங்கள் யாரோ நான் யாரோ என்று சொல்லிவிட்டேனே.

"நீ வரல. சரின்னு நானே கையவச்சு நின்னேன். ஊர்க்காரன் எவனும் வாயத் தொறக்கல. எங்கிருந்தோ ஒரு மீசக்காரன் வந்து கேட்டுட்டான். வெளியூர்க்காரனுக்கு வழக்கம் எங்க தெரியும்? விட மனசில்ல."

அவ்வளவு பணம் உங்களிடம் ஏது என்று கேட்டேன். வைகுண்டராஜ் கட்டினாராம். அதற்கு ஈடாகத் தன் வடை வண்டியை, புது அச்சு போட்ட வண்டியை, அவரிடம் கொடுத்துவிட்டாராம்.

ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்தீர்கள் என்றேன். ஒற்றை வண்டி நின்றால் பஸ்ஸுக்குப் போகிறவன் நிற்க மாட்டான், இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் கடை என்று தோன்றும், நீ இல்லாமல் என் வியாபாரமும் பாதியாகப் போச்சு என்றார். வெள்ளத்தாய்க்கு விஷயம் தெரிந்து இரண்டு நாளாக வீட்டில் உலை வைக்கவில்லையாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் உள்ளே போனேன். மச்சான் திருப்பிக் கொடுத்திருந்த பணத்தை முடிச்சோடு எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். எண்ணவில்லை, மடியில் கட்டிக்கொண்டார். இத்தனை பணம் இருந்தும் ஏன் ஏலத்துக்கு வரவில்லை என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மீசைக்காரன் யார் என்று நானும் சொல்லவில்லை.

8 செப்டம்பர், திங்கள்

ஆபீசுக்குப் போய் அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். சீட்டு அம்மா கோட்டுக்குள் இடம் காட்டியது. பழைய இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி. இதற்குத்தான் இவ்வளவும்.

20 செப்டம்பர், சனி

முதல் புரட்டாசி சனி. வண்டியைத் திருவண்ணாமலை அடிவாரத்தில் போட்டோம். ஒரே வண்டி, இரண்டு பேர். அண்ணாச்சியின் பழைய பாக்கியும் இருந்ததால், நான் கொடுத்த பணத்தில் வைகுண்டராஜ் கணக்கு பாதிதான் தீர்ந்ததாம். அண்ணாச்சி புது வண்டி செய்யத் தீபாவளி தாண்டும். அதுவரைக்கும் ஒரு பக்கம் பணியாரம், ஒரு பக்கம் வடை. வெள்ளத்தாய் அரைத்த உளுந்தைக் கொண்டுவந்து வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அவள் கோபம் நியாயம்தான்.

சில்லறை டப்பாவை என் பக்கம் வைத்துக்கொண்டேன். பழக்கம், போக மாட்டேன் என்கிறது.

எப்படியோ அந்த ரகசியம் மட்டும் வெளியே வராமல் இருக்க வேண்டும். மச்சானுக்குப் போன் போட்டு, இந்தப் பக்கம் வரவே வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

4 அக்டோபர், சனி

மூன்றாவது சனி. சரியான கூட்டம். மச்சான் வந்தே விட்டார். பெருமாளைப் பார்க்க வருகிறவனை நீ யார் தடுக்க என்று அக்கா கூட்டி வந்துவிட்டாள். மம்சாபுரத்திலிருந்து எம்புட்டுத் தூரம்? எனக்குத்தான் புத்தி இல்லை.

மீசையைத் தூரத்தில் பார்த்ததுமே என் கை நின்றுவிட்டது. அண்ணாச்சியும் பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இலையை எடுத்து, நல்ல முறுகலாக நாலு வடையை வைத்து மச்சான் கையில் கொடுத்தார். அக்காவுக்கும் கொடுத்தார். மச்சான் காசை நீட்டினார். "சொந்தக்காரவககிட்டக் காசு வாங்குற பழக்கம் இல்ல" என்றார் அண்ணாச்சி. மச்சான் என் முகத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், கடித்த வடையை மெல்லாமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

அவர்கள் மலை ஏறிப் போனார்கள். இரண்டு ஈடு பணியாரம் எடுத்தேன். அண்ணாச்சிக்கு எப்போதிலிருந்து தெரியும்? இன்றைக்கா, அந்த முடிச்சை வாங்கும்போதேயா? என்னால் நிமிர முடியவில்லை.

அண்ணாச்சி எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒன் மச்சான் அன்னைக்கு இன்னும் ஒரே ஒரு தடவ கேட்டிருந்தா நான் விட்டிருப்பேன். அதுக்கு மேல வைகுண்டராஜ் தரமாட்டேன்னுட்டான்."

ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்கு மச்சான் கையில் பணம் இருந்தது. கேட்டிருந்தால் வண்டி எனக்கு வந்திருக்கும். அவர் வண்டி அவரிடம் இருந்திருக்கும். வெள்ளத்தாய் என்னோடு பேசிக்கொண்டிருப்பாள்.

"மச்சான் கேக்கட்டான்னு கேட்டாவ அண்ணாச்சி. நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்றேன் என்பதையும் சொன்னேன். கூட்டத்துக்கு நடுவில், கரண்டியைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வடையைத் திருப்பிப் போட்டார்.

"கல்லு காயுது, ஊத்து" என்றார்.

ஊற்றினேன். மாவு தீரும் வரைக்கும் ஆள் நின்றது. கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து கையைக் கழுவும்போதுதான் நினைவு வந்தது, சில்லறை டப்பாவை அண்ணாச்சியிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். காலையில் வாங்கிக்கொள்ளலாம்.